வாம்பட் குட்டி வளரும் விதம்: பைக்குள் ஏறுவதிலிருந்து தனி வளை பிடிக்கும் வரை

வாம்பட், ஆஸ்திரேலியாவில் மண்ணுக்குள் வளை தோண்டி வாழும், வயிற்றுப் பையில் குட்டியை வளர்க்கும் விலங்கு. அதன் குட்டியின் படத்தைப் பார்த்து உருகாதவர்கள் குறைவு. சப்பை மூக்கு, குட்டைக் கால், உருண்டு திரண்ட உடம்பு. இணையத்தில் சுற்றும் அந்தப் படங்களில் இருப்பது பெரும்பாலும் எட்டு, பத்து மாதம் தாண்டிய குட்டி. அதற்கு முன்னால் அது எப்படி இருந்தது, எதைக் குடித்தது, எப்படி மூச்சுவிட்டது என்பதெல்லாம் யார் கண்ணிலும் படாமல் தாயின் பைக்குள்ளேயே நடந்து முடிந்துவிடும். சுவாரசியமான பகுதியும் அதுதான்.

இந்த வழிகாட்டியின் முதல் பாதி, குட்டி வளரும் கட்டங்களைச் சொல்கிறது. இரண்டாம் பாதி நடைமுறை: சாலையோரம் அடிபட்ட வாம்பட்டைப் பார்த்தால் என்ன செய்வது, குட்டியை எடுத்து வளர்ப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்பது. மெல்பர்ன், சிட்னி பக்கம் குடியிருந்து வார இறுதியில் மலைப்பக்கம் காரோட்டிப் போகிற தமிழ்க் குடும்பங்களுக்கு அது எப்போதாவது கைகொடுக்கும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே பிடித்துக்கொள்ளுங்கள். பைப்பாலூட்டிக் குட்டியிடம் "எத்தனை மாதம்?" என்ற கேள்விக்குப் பெரிய மதிப்பில்லை. முடி முளைத்ததா, கண் திறந்ததா, காம்பை விட்டு வாய் எடுத்ததா, காலூன்றி நிற்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். அதற்கு என்ன பால், எவ்வளவு சூடு, எத்தனை தனிமை என்று எல்லாமே அதைப் பொறுத்துத்தான்.

எந்த வாம்பட்?

மூன்று இனங்கள் உண்டு, மூன்றும் ஆஸ்திரேலியாவில் மட்டுமே. மூக்கில் முடியில்லாத சாதாரண வாம்பட் நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா, டாஸ்மேனியா பகுதிகளில் வாழ்கிறது. படங்களில் அதிகம் வருவது இதுதான். மூக்கில் பட்டுபோல் முடியுள்ளவற்றில் தெற்கு இனம் தெற்கு ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலங்களில் இருக்கிறது. அந்த மாநிலத்தின் அடையாள விலங்கும் அதுவே. வடக்கு இனம் குவீன்ஸ்லாந்தில் விரல்விட்டு எண்ணும் இடங்களில் மட்டும். இந்தக் கட்டுரையில் வரும் கணக்குகள், வேறு சொல்லாத இடத்தில், சாதாரண வாம்பட்டுக்கானவை.

முதல் கட்டம்: பிறப்பும் ஏற்றமும்

கர்ப்பம் ஏறத்தாழ ஒரு மாதம். தெற்கு இனத்துக்கு இன்னும் குறைவு, மூன்று வாரம்தான். பைப்பாலூட்டிகளுக்கு நஞ்சுக்கொடியே கிடையாது என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள், அது தவறு. நஞ்சுக்கொடி உண்டு, ஆனால் அதன் ஆயுள் குறைவு. நம் வயிற்றில் அது ஒன்பது மாதம் செய்யும் வேலையை, இங்கே சில நாட்கள் மட்டும் செய்துவிட்டு, மீதியைப் பாலின் தலையில் கட்டிவிடுகிறது.

பிறக்கும்போது குட்டி புளியங்கொட்டை அளவு, எடை ஒரு கிராம் இருந்தாலே அதிகம். கண் இல்லை என்றே சொல்லலாம், தோலுக்கடியில் கரும்புள்ளியாக இருக்கும். காது இல்லை. பின்னங்கால்கள் வெறும் மொட்டு. ஆனால் முன்னங்கால்களைப் பாருங்கள்: தோளும் கையும் திரண்டு, நுனியில் நகத்தோடு தயாராக இருக்கும். வாயும் மூக்குத் துளையும் தயார். ஒரே ஒரு வேலைக்குத் தேவையான உறுப்புகளை மட்டும் முதலில் முடித்துக்கொண்டு வந்திருக்கிறது. அந்த வேலை: தாயின் முடியைப் பிடித்து, கைமாற்றிக் கைமாற்றி இழுத்துக்கொண்டு பைக்குள் போய்ச் சேர்வது. தாய் அதைத் தூக்கி வைப்பதில்லை.

கங்காருக் குட்டிக்கு இந்தப் பயணம் மேல்நோக்கி, நெடுந்தூரம். வாம்பட் குட்டிக்குக் கொஞ்சம் சலுகை உண்டு. அதன் தாயின் பை வாய் பின்பக்கம் பார்த்துத் திறந்திருக்கும், அதாவது குட்டி வெளிவரும் இடத்துக்குப் பக்கத்திலேயே. பின்னால் திறந்த பை எதற்கு என்றால், மண் தோண்டும்போது முன்னங்கால்கள் வாரி இறைக்கும் மண் குட்டியின் முகத்தில் விழாமல் இருக்க என்பதுதான் எல்லோரும் சொல்லும் விடை. அது சரியே. ஆனால் மண்ணே தோண்டாத கோலாவுக்கும் பை கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கிறது. கோலாவும் வாம்பட்டும் நெருங்கிய உறவு, வளை தோண்டிய பொது மூதாதையின் சொத்தாக அது கோலாவுக்கு வந்திருக்கலாம் என்ற கருத்து எனக்குப் பொருத்தமாகவே படுகிறது.

இரண்டாம் கட்டம்: காம்போடு ஒட்டிய மாதங்கள்

பைக்குள் இரண்டு காம்புகள். குட்டி ஒன்றைக் கவ்வியதும் காம்பின் நுனி வாய்க்குள் வீங்கிக்கொள்கிறது. அதன்பின் பல வாரங்களுக்குக் குட்டி அதை விடாது, விடவும் முடியாது. தாய் ஓடினாலும் உருண்டாலும் குட்டி விழாது.

இந்த ஒட்டலைப் பார்த்து ஏமாந்தவர்கள் உண்டு. 1629-ல் மேற்கு ஆஸ்திரேலியக் கரைக்கு அப்பால் ஆப்ரோலோஸ் தீவுகளில் டச்சுக் கப்பல் பட்டாவியா உடைந்தது. அதன் தலைவர் பிரான்சிஸ்கோ பெல்சார்ட், அங்கிருந்த சிறு வாலபிகளை, அதாவது கங்காருவின் சின்ன உறவுகளைப் பார்த்துக் குறிப்பெழுதினார். அவற்றின் பைக்குள் அவரைக்காய் விதை அளவில் குட்டிகள் காம்பில் தொங்குவதைக் கண்டவர், குட்டி காம்பிலிருந்தே முளைத்து வளர்கிறது என்று முடிவு கட்டினார். கண்ணால் பார்த்ததை வைத்து வேறென்ன நினைப்பது?

இந்தக் கட்டத்தில்தான் உண்மையான வளர்ச்சி நடக்கிறது. பின்னங்கால், கண், காது, நுரையீரல், நோயெதிர்ப்பு எல்லாம் பைக்குள் உருவாகின்றன. பை வெறும் தொட்டில் என்று நினைத்தால் பாதியைத் தவறவிடுகிறோம்; அதுதான் இரண்டாவது கருப்பை. நுரையீரல் எவ்வளவு பின்தங்கியிருக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: ஜூலியா கிரீக் டன்னார்ட் என்ற எலியளவுப் பைப்பாலூட்டியின் குட்டி, பிறந்தவுடன் பெரும்பாலும் தோல் வழியாகவே மூச்சு வாங்குகிறது.

இப்போது பாலுக்கு வருவோம். பசுவின் பால் சீம்பாலுக்குப் பிறகு கன்று வளர்ந்து முடியும் வரை ஏறக்குறைய ஒரே மாதிரி. பைப்பாலூட்டியின் பால் அப்படியில்லை. ஆரம்பத்தில் நீர்த்து, கொழுப்புக் குறைவாக, மாவுச்சத்து மிகுந்திருக்கும். குட்டி பையை விட்டு வெளிவரும் காலத்தில் கொழுப்பு ஏறி மாவுச்சத்து இறங்கிவிடும். நடுவில் புரதங்களும் மாறிக்கொண்டே போகும். எப்போது மாற்றுவது என்று தீர்மானிப்பது குட்டியா தாயா? டாமர் வாலபிகளில் இதைச் சோதித்தார்கள். சிறு குட்டியை எடுத்து, வயதில் மூத்த குட்டியுள்ள வேறொரு தாயின் காம்பில் சேர்த்தபோது, அது வழக்கத்தைவிட வேகமாக வளர்ந்தது. கடிகாரம் தாயின் மடியில் இருக்கிறது என்று இதிலிருந்து தெரிகிறது. கங்காரு ஒருபடி மேலே: ஒரு காம்பில் பைக்குட்டிக்கான பால், இன்னொரு காம்பில் வெளியே துள்ளும் அண்ணனுக்கான பால், இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே ரத்த ஓட்டத்திலிருந்து.

மூன்றாம் கட்டம்: முடி அரும்புதல், தலை நீட்டுதல்

முதலில் மீசை முடி. பிறகு காது தலையோடு ஒட்டியிருந்தது நிமிரும், கண் திறக்கும், உடம்பில் வெல்வெட் போல முடி அரும்பும். இளஞ்சிவப்புத் தோல் மெல்லச் சாம்பலாகும். இப்போது குட்டி காம்பை விட்டுவிட்டுத் திரும்பப் பிடிக்கக் கற்றுக்கொள்கிறது.

பை பின்பக்கம் திறந்திருப்பதால் வேடிக்கையான காட்சி ஒன்று கிடைக்கும். தாய் புல் மேய்ந்துகொண்டிருக்கும், அதன் பின்னங்கால்களுக்கு நடுவே இன்னொரு முகம் எட்டிப்பார்க்கும், கைக்கெட்டிய புல்லை அதுவும் கடித்துப் பார்க்கும். தாய் நடந்தால் முகம் உள்ளே போய்விடும்.

எட்டு முதல் பத்து மாதத்தில் பையை விட்டு நிரந்தரமாக வெளியே வருகிறது. அப்போது எடை மூன்றரைக் கிலோவுக்கு மேல் இருக்கும். ஒரு கிராமில் தொடங்கியது என்பதை மறக்க வேண்டாம்.

நான்காம் கட்டம்: தாயின் காலடியில்

பையை விட்டாலும் பாலை விடுவதில்லை. பன்னிரண்டு, பதினைந்து மாதம் வரை தலையை மட்டும் பைக்குள் நுழைத்துக் குடிக்கும். மீதி நேரம் தாயின் பின்னங்காலை ஒட்டியே ஓட்டம். இந்த வயது வாம்பட் விளையாடுவதைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்: நின்ற இடத்திலிருந்து நாலு காலும் தூக்கித் துள்ளும், தலையை உதறும், வேகமாக ஓடி சட்டென்று திரும்பி வந்து தாயின் பின்புறத்தில் முட்டும். தாய் கண்டுகொள்ளாமல் புல்லைக் கடித்துக்கொண்டிருக்கும். அந்தப் பின்புறம் குருத்தெலும்பும் தடித்த தோலும் சேர்ந்த கேடயம். எதிரி துரத்தினால் வளைக்குள் புகுந்து அதைக் கொண்டுதான் வாசலை அடைக்கும். குட்டி முட்டுவதெல்லாம் அதற்கு ஒரு பொருட்டில்லை.

இந்தக் கட்டத்தில் நடக்கும் முக்கியமான மாற்றம் வயிற்றுக்குள். வாம்பட்டின் உணவு காய்ந்த, நாரான புல், வேர். அதைச் செரிக்கக் குடலில் நுண்ணுயிர்கள் வேண்டும், பிறக்கும்போது அவை இல்லை. குட்டி மண்ணை நக்கும், பெரியவற்றின் சாணத்தைக் கடிக்கும். அருவருப்பாகத் தோன்றினாலும் நுண்ணுயிர்கள் அப்படித்தான் வந்து சேர்கின்றன. கோலாத் தாய் இதற்கென்றே களிபோன்ற தனிச் சாணம் ஒன்றைக் குட்டிக்குத் தருகிறது.

சாணம் என்றதும் எல்லோரும் கேட்பது அந்தச் சதுரக் கட்டிகளைத்தான். பால் குடிக்கும் குட்டிக்கு அப்படி வராது, குழைவாகத்தான் வரும். முழுக்கப் புல்லுக்கு மாறிய பிறகுதான் கட்டி கட்டியாக வரும். குடலின் கடைசிப் பகுதியில் சுவர் சில இடத்தில் விறைப்பாகவும் சில இடத்தில் நெகிழ்வாகவும் இருப்பதால், உலர்ந்துவரும் சாணத்துக்கு அங்கேயே மூலைகள் உண்டாகின்றன என்று அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பட்ரீசியா யாங், டேவிட் ஹூ ஆகியோரின் குழு கண்டறிந்தது. சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசையும் 2019-ல் வாங்கினார்கள்.

பற்களும் சொல்ல வேண்டிய விஷயம். வாம்பட்டின் பற்களுக்கு வேர் கிடையாது, வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். மணல் கலந்த புல்லைத் தேய்த்துத் தேய்த்துத்தான் அவை அளவாக நிற்கின்றன. மென்மையான உணவு கொடுத்து வளர்க்கும் குட்டிக்குப் பிற்காலத்தில் பல் தொல்லை வருவது இதனால்தான்.

ஐந்தாம் கட்டம்: பிரிவு

பதினேழு முதல் இருபது மாதத்துக்குள் குட்டி தனியாகிவிடும். பெரும்பாலான பாலூட்டிகளில் ஊரைவிட்டுப் போவது மகன். வாம்பட்டில் மகள் போவது அதிகம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. சாதாரண வாம்பட் இரண்டு வயதில் குட்டி போடத் தயாராகும், மற்ற இனங்கள் மூன்று வயதில்.

ஒரு தாய், இரண்டு ஆண்டுக்கு ஒரு குட்டி: கணக்கு இவ்வளவுதான். வடக்கு இனம் 1980-களின் தொடக்கத்தில் குவீன்ஸ்லாந்தின் எப்பிங் காட்டில் ஏறத்தாழ 35 என்ற எண்ணிக்கைக்குச் சுருங்கியது. கால்நடைகளை வெளியேற்றி, காட்டு நாய் புகாதபடி வேலி போட்டு, 2009-ல் இன்னோர் இடத்திலும் குடியேற்றி, நாற்பது ஆண்டு காவல் காத்த பிறகுதான் 300-ஐத் தாண்டியிருக்கிறது. இந்த விலங்கை அவசரப்படுத்த முடியாது. இன்னொரு பைப்பாலூட்டியான டாஸ்மேனியன் டெவில் ஒரே பிரசவத்தில் இருபது, முப்பது குட்டி ஈன்று நாலே காம்புகளை வைத்துப் போட்டிபோட விடும்; வாம்பட்டோ இருக்கும் ஒன்றிலேயே எல்லாவற்றையும் போட்டுவிடும்.

சாலையோரம் அடிபட்ட வாம்பட்டைப் பார்த்தால்

அந்தி தொடங்கி இரவு முழுக்க மேயும் விலங்கு. இருட்டில் சாலையைக் கடக்கும்போது அடிபடுவது ஆஸ்திரேலிய ஊர்ப்புறச் சாலைகளில் சாதாரணம். தாய் இறந்து பல மணி நேரம் கழித்தும் பைக்குள் குட்டி உயிரோடு இருக்கும். அதனால்:

1. வண்டியைச் சாலைக்கு வெளியே நிறுத்தி, அவசர விளக்கைப் போடுங்கள். குட்டியைக் காப்பாற்றப் போய் நீங்கள் அடிபட வேண்டாம்.

2. தாய் உண்மையிலேயே இறந்துவிட்டதா என்று பாருங்கள். உயிர் இருந்தால் கிட்டே போகாதீர்கள். இருபது, முப்பது கிலோ விலங்கு, வலியில் கடித்தால் எலும்பு வரை போகும். உடனே அந்தப் பகுதியின் வனவிலங்கு மீட்பு அமைப்பை அழையுங்கள்: நியூ சவுத் வேல்ஸில் வயர்ஸ், விக்டோரியாவில் வைல்ட்லைஃப் விக்டோரியா. எண்ணைப் பயணத்துக்கு முன்பே போனில் பதிந்துவைப்பது நல்லது. காட்டுக்குள் இணையம் கிடைக்காது.

3. இறந்திருந்தால் பையைப் பாருங்கள். பின்னங்கால்களுக்கு இடையே, வாலை நோக்கித் திறந்திருக்கும். பக்கத்துப் புதரிலும் ஒரு கண் விடுங்கள்; பையை விட்ட குட்டி தாயை விட்டு அதிக தூரம் போயிருக்காது.

4. குட்டி காம்பைக் கவ்விக்கொண்டிருந்தால் இழுக்காதீர்கள். தவறு நடப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். இழுத்தால் வாயும் தாடையும் கிழியும். மீட்பு அமைப்பில் இருப்பவர் போனிலேயே வழி சொல்வார். காம்பை அடிப்பகுதியில் வெட்டி, குட்டியின் வாயிலேயே விட்டு, நுனியைத் துணியோடு ஊக்கால் குத்தி வைப்பார்கள், குட்டி அதை விழுங்கிவிடாமல் இருக்க.

5. தலையணை உறை போன்ற பருத்தித் துணியில் சுற்றி, சட்டைக்குள் உங்கள் உடம்போடு அணைத்துக்கொள்ளுங்கள். முடியில்லாத குட்டிக்குத் தன் உடம்பைத் தானே சூடாக வைத்துக்கொள்ளத் தெரியாது. பசியால் சாவதைவிடக் குளிரில் சாவதுதான் வேகம்.

6. தண்ணீர் வேண்டாம், பால் வேண்டவே வேண்டாம். பசும்பாலில் உள்ள லாக்டோஸ் வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும்.

7. இருட்டு, அமைதி. பாட்டை நிறுத்துங்கள், பிள்ளைகள் கையில் மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டாம், செல்ஃபி வேண்டாம். அசையாமல் படுத்திருக்கும் குட்டி நிம்மதியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை, பயத்தில் உறைந்திருக்கும்.

8. முடிந்தால் தாயின் உடலைச் சாலையை விட்டு இழுத்துப் போடுங்கள். பை பார்த்தாகிவிட்டது என்று அடுத்தவருக்குத் தெரிய, மீட்பாளர்கள் அதன்மேல் ஸ்பிரே பெயிண்டால் குறி போடுவார்கள்.

வளர்ப்பவர் வீட்டில் என்ன நடக்கிறது

உரிமமும் பயிற்சியும் உள்ளவர்கள் மட்டுமே வளர்க்கலாம். வீட்டுச் செல்லமாக வாம்பட்டை வைத்துக்கொள்வது ஆஸ்திரேலியாவில் சட்டப்படி முடியாது.

தாயின் மடி தானாகச் செய்யும் மாற்றத்தை இவர்கள் டப்பா மாற்றிச் செய்கிறார்கள். வாம்பரூ என்ற ஆஸ்திரேலியப் பால்மாவில் வாம்பட்டுக்கே இரண்டு வகை: 0.4-க்குக் கீழ், 0.4-க்கு மேல். பை வாழ்க்கையை ஒன்று என்று வைத்தால் குட்டி அதில் எவ்வளவு கடந்திருக்கிறது என்பதுதான் அந்த எண். மாதத்தை விட்டுவிட்டுக் கட்டத்தைப் பாருங்கள் என்று மேலே சொன்னதைப் பால்மா டப்பாவிலேயே அச்சடித்துவிட்டார்கள்.

முடியில்லாத குட்டிக்குத் துணிப்பையின் வெப்பம் 30 டிகிரிக்குக் குறையாமல் பார்த்துக்கொள்வார்கள், முடி வளர வளரக் குறைப்பார்கள். சில மணி நேரத்துக்கு ஒருமுறை, நள்ளிரவிலும், நீண்ட மெல்லிய ரப்பர் காம்பில் பால். பலர் துணியால் குட்டியின் கண்ணை மூடிக்கொண்டே ஊட்டுவார்கள். தாய் நக்கிவிட்டால்தான் சிறுகுட்டிக்குச் சிறுநீர் வரும் என்பதால், ஈரத் துணியால் மெதுவாகத் தடவிவிடும் வேலையும் உண்டு. வறண்ட தோலுக்குக் களிம்பு. அப்புறம் புல் தின்னும் வயதில் மண்ணும், நோயில்லாத பெரிய வாம்பட்டின் சாணமும் பரிமாறப்படும்.

ஒன்றரை வயதை நெருங்கும்போது, மடியில் தூங்கிய குட்டி ஒருநாள் வளர்த்தவரின் கணுக்காலைக் கடிக்கத் தொடங்கும். கதவைப் பெயர்க்கும், தரையைத் தோண்டும். புதிதாக வளர்ப்பவர்கள் இதைக் கண்டு மனம் உடைவார்கள். ஆனால் இது பிரிவுக் கட்டம், சரியான நேரத்தில் வந்திருக்கிறது. இதற்குப் பிறகும் கொஞ்சிக்கொண்டிருப்பது குட்டிக்குச் செய்யும் துரோகம் என்றே சொல்வேன். இருபது கிலோவைத் தாண்டி, இரண்டு வயதை ஒட்டி, வளை உள்ள காட்டில் விடுவார்கள்.

விடுவதற்கு முன் பார்க்கும் இன்னொன்று சொறி. மனிதருக்குச் சிரங்கு தரும் அதே சிற்றுண்ணி இனம்தான். வளையைப் பல வாம்பட்கள் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதால் எளிதாகத் தொற்றும். தோல் தடித்து, கண் மூடி, கடைசியில் சாவு. டாஸ்மேனியாவின் நரவன்டப்பு தேசியப் பூங்காவில் 2010-க்குப் பிறகு சில ஆண்டுகளில் இதனால் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட வாம்பட்கள் அழிந்தன.

காட்டில் பார்க்கப் போகிறீர்களா?

டாஸ்மேனியாவில் கிரேடில் மலையின் ரானி கிரீக் பகுதியும், மரியா தீவும் நல்ல இடங்கள். பிற்பகல் சாயும் நேரம் போங்கள். மரியா தீவில் இறங்கும் பயணிகள், செல்ஃபி குச்சியோடு வாம்பட்டைத் துரத்த மாட்டேன் என்று உறுதிமொழி எடுக்கும் வழக்கமும் இருக்கிறது. 2025 மார்ச்சில் ஒரு அமெரிக்கப் பயணி சாலையோரக் குட்டியைத் தாயிடமிருந்து பறித்துக்கொண்டு ஓடிக் காணொளி எடுத்தபோது, நாடே கொதித்தது. முதலைக் குட்டியிடம் இதைச் செய்து பார்க்கட்டும் என்று பிரதமர் ஆல்பனீஸே சொன்னார். நாலாம் கட்டக் குட்டியைப் பிரித்தால் தாய் அதைத் திரும்பக் கண்டுபிடிக்கும் என்று உறுதியில்லை.

தனியாக மேயும் வாம்பட்டெல்லாம் அநாதையும் இல்லை. உங்கள் முழங்காலை நெருங்கும் உயரத்தில், கனத்த உடம்போடு, உங்களைப் பார்த்ததும் புதருக்குள் ஓடினால் அது தன் வாழ்க்கையைத் தானே பார்த்துக்கொள்ளும் வயது, விட்டுவிடுங்கள். ஐந்து கிலோகூட இராத குட்டி பட்டப்பகலில் தாயில்லாமல் அலைந்தால், அல்லது உங்கள் காலையே தாய் என்று நினைத்துப் பின்தொடர்ந்தால், இருந்த இடத்தை வரைபடத்தில் குறித்துக்கொண்டு மீட்பு அமைப்பை அழையுங்கள். எடுத்த இடம் சரியாகத் தெரிந்தால்தான் இரண்டு வருடம் கழித்து அதே வட்டாரத்தில் கொண்டுவந்து விட முடியும்.